தகரத்துக்கு மட்டும் விலாசம்

நடந்து முடிந்த அழிவுகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நம்மால் கெடுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது என்று சேர்ந்த புதிதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையில் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாய் எந்தப் பக்கமிருந்து வரும், தேத்தண்ணியை மறுத்தால் யாருக்குக் கோபம் வரும், "இதால எங்களுக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டால் எங்கே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் புவியியல் படித்துப் பட்டம் வாங்கி, நான்கு வருடம் வீட்டிலிருந்து, பிறகு பட்டதாரிப் பயிலுநராக எங்கள் மலைநாட்டுச் சிறு நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். உட்காரக் கதிரை இல்லாததால் வெளிவேலை கொடுத்தார்கள். நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இதுவரை வந்த வெள்ளம், மண்சரிவு, காற்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். வருடம், வகை, இடம், பாதிப்பு என்று நான்கு பெட்டிகள்.

அந்தக் கோப்பு வெறும் சரித்திரம் இல்லை. அதை வைத்துத்தான் ஆபத்தான இடங்களின் பட்டியல் தயாராகும். பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கு முதலில் மாற்றுக் காணி கிடைக்கும். பெருமழை வந்தால் ஆட்களை ஏற்றிப்போக முதல் லொறியும் அவர்களிடம்தான் போகும். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுகிற ஒருத்தியிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

பேக்கரிச் சுவர்

நகரத்தில் முதலில் போனது பேக்கரிக்கு. அதன் பின்சுவரை உரசிக்கொண்டுதான் ஓடை போகிறது. முதலாளி என்னைப் பாண் போடும் அடுப்புக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். நீல நிறத்தில் மூன்று கோடுகள். ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும், சேற்றுத் தடம் காய்வதற்குள் அதன் மேலேயே பெயின்ட்டால் கோடு இழுத்துவிடுவாராம். முதல் கோடு என் முழங்கால் உயரம். இரண்டாவது இடுப்பு. மூன்றாவதைப் பார்க்க நான் நிமிர வேண்டியிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்கு வெள்ளையடிக்கிறார், கோடுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு.

மூன்றாவது வெள்ளத்தில் மாமூட்டைகளைத் தூக்கப் போன தன் மச்சான் திரும்பி வரவில்லை என்பதை, மா பிசைகிற கையை நிறுத்தாமலே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். 'பாதிப்பு' என்ற பெட்டியில் 'ஒருவர்' என்று எழுதினால் அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். எழுதி முடித்ததும் நான்காவது கோட்டுக்குச் சுவரில் இடமிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டேன். அவர் கவனித்துவிட்டார்.

"இதுக்கு மேல தண்ணி வந்தா கோடு போட நான் இருக்க மாட்டேன், மிஸ். பெயின்ட் டின் அந்த ராக்கையில இருக்கு, நீங்களே வந்து போட்டுக்குங்க."

எந்தத் துரை காலத்தில்?

மூங்கில்மலைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு நடை. மேக்கணக்கு என்று சொல்லப்படும் அதன் மேல்பிரிவில்தான் செல்வராணி அக்காவைச் சந்தித்தேன். கொழுந்து பறிப்பவர். கணவர் முருகேசு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் கவிதா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பன்னிரண்டு வீடுகள் ஒட்டிய அவர்களுடைய லயத்துக்கு நேர் பின்னால் மலை எழும்பி நிற்கிறது. செல்வராணி அக்கா சிறுமியாக இருந்தபோது இதே மலையிலிருந்து மண் இறங்கி, சற்றுத் தள்ளியிருந்த நாலாம் நம்பர் லயத்தை மூடிவிட்டது. இப்போது அந்த இடத்தில் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கமாக விறகுக்குக்கூட யாரும் போவதில்லை.

அது எந்த வருடம் என்று கேட்டேன். லயமே கூடி யோசித்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பதில், "கோட்டுத் துரை காலம்." வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒரு தோட்ட அதிகாரியாம் அவர். என் பெட்டிக்குள் துரையை எழுத முடியாது, வருடம் வேண்டும். தோட்ட ஆபீஸ் சுவரில் துரைமாரின் பெயரும் வருடமும் எழுதிய பலகை இருக்கிறது என்றார்கள். போனேன். கிளாக்கரும் இன்னும் மூன்று ஆண்களும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்த காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் குரல் பாதியாகிவிட்டது. பலகையில் வேண்டிய இரண்டு வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு, இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்து, அவர்கள் சிரிக்கச் சிரிக்க வெளியே வந்தேன். அவர்கள் அவ்வளவு சிரித்ததற்குக் காரணம் கிளாக்கர் கேட்ட ஒரே ஒரு கேள்விதான்.

"என்ன மிஸ், துரைமார் லிஸ்ட்ல மாப்பிள்ளை தேடுறீங்களா?"

காற்று கொண்டுபோன கூரை

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். பழைய டயர், பாறாங்கல், மணல் மூட்டை என்று கூரை மேல் எதை வைத்தாலும் ஒருநாள் தகரம் எழும்பிப் போகும். நானும் டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள்தான். கூரை இல்லாமல் நட்சத்திரம் பார்த்திருக்கிறேன். ஆனால் மூங்கில்மலையில் பார்த்த ஏற்பாட்டை வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தகரத்திலும் லயத்தின் எண், ஒரு கோடு, வீட்டின் எண். செல்வராணி அக்காவின் கூரையில் எல்லாத் தகரத்திலும் 7/4. ஏழாம் நம்பர் லயம், நாலாம் வீடு. காற்று நின்ற மறுநாள் தேயிலை மலையில் கிடக்கும் தகரங்களை யார் கண்டெடுத்தாலும் எண்ணைப் பார்த்து உரிய வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். கீழ்ப்பிரிவில் விழுந்தாலும் தலையில் சுமந்து வருவார்கள். அதற்கு நன்றி சொல்கிற வழக்கம்கூட இல்லை. ஒரு தேத்தண்ணியோடு சரி.

அந்த எண்களையெல்லாம் எழுதியவர் முருகேசு அண்ணன். அச்சுப் போன்ற எழுத்து, ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். எழுத்தின் மேல் அவருக்கு அப்படியொரு மரியாதை. பாண் சுற்றி வந்த பேப்பரைக்கூட நீவி வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். "என் பேரையும் அந்தக் கோப்புல போடுங்க மிஸ், ஆனா செத்தவங்க பக்கத்துல வேணாம்" என்று என்னைக் கேலி செய்வார். அங்கே எந்த லயத்துக்கும் தபால் விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்துப் பெயருக்கு வரும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கவிதாவின் பரீட்சை அட்டையும் அப்படித்தான் பெரட்டுக்கு வந்து, நான்கு நாள் யார் கையிலோ இருந்து, ஒரு மூலை நனைந்து வீட்டுக்கு வந்ததாம். அதைச் சொல்லிவிட்டு முருகேசு அண்ணன் கூரையைக் காட்டினார்.

"பாத்தீங்களா, தகரத்துக்கு விலாசம் இருக்கு மிஸ். எங்களுக்குத்தான் இல்ல."

பனி

பட்டிப்பொல பக்கத்துத் தோட்டங்களில் தை மாத உறைபனியில் ஒரே காலையில் கொழுந்து முழுவதும் கருகிப்போகும். மலை தீய்ந்த தோசை மாதிரி கிடக்கும். பறிக்க ஒன்றும் இல்லாததால் வாரக்கணக்கில் வேலை இருக்காது. அங்கே ஒரு லயத்தில் பெண்கள் எனக்குப் பனி விழுந்த வருடங்களைப் பதினொன்று வரை வரிசையாகச் சொன்னார்கள். வெள்ளத்துக்கு வருடம் தெரியாதவர்களுக்குப் பசித்த வருடங்கள் தெரிந்திருந்தன. ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போய் என் மேலதிகாரி சுனில் சேரிடம் நீட்டினேன். நல்ல மனிதர், என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு அந்தத் தாளை மெதுவாகக் கோப்பிலிருந்து கழற்றி, கசக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்து, சிங்களத்தில் சொன்னார்.

"பனியில் யாரும் சாகவில்லையே, நங்கி. அப்படியென்றால் இது காலநிலை. அனர்த்தம் இல்லை."

மட்டக்கம்பு

கொழுந்து பறிப்பவர்கள் தேயிலைச் செடிமேல் ஒரு நீளக் கம்பைப் படுக்கப் போட்டு மட்டம் பார்த்துப் பறிப்பார்கள். அதுதான் மட்டக்கம்பு. செல்வராணி அக்கா தன் மட்டக்கம்பை வேறொன்றுக்கும் வைத்திருந்தார். லயத்துக்குப் பின்னால் மலை ஏறும் இடத்தில் தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான் முதலில் பார்த்தபோது கையை நுழைக்கலாம். வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பின் ஒரு நுனியை இந்த முளையில் வைத்து, அந்த முளை எங்கே வருகிறதோ அங்கே கத்தியால் ஒரு வெட்டு. கம்பில் ஒன்பது வெட்டுகள் இருந்தன. ஒன்பதாவது வெட்டுக்கும் கம்பின் முடிவுக்கும் நடுவில் என் நான்கு விரல்.

நான் கம்பையே கேட்டு வாங்கிக்கொண்டு போய் சுனில் சேருக்குக் காட்டினேன். அளவுநாடா இல்லையா என்று கேட்கப் போனவர், அதை விட்டுவிட்டு வெட்டுகளை விரலால் தடவித் தடவி எண்ணினார். முன்பே ஒரு லயம் புதைந்த மலை, இப்போது வெடிப்பு. இதைவிட மேலே எதையும் வைக்க முடியாது என்றார். கம்பைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வாரம் போனபோது செல்வராணி அக்கா அதை உடனே எடுத்துக்கொண்டு வெடிப்புக்குப் போனார். மூன்று விரலாகியிருந்தது. பட்டியல் வருவதற்குள் மழை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"லிஸ்ட் வந்தா லொறியில போவோம் மிஸ். வரலேன்னா, கம்பு எட்டாத அன்னைக்கு நடந்தே போயிருவோம்."

முதலிடம்

படிவத்தில் 'தோட்டப் பதிவேட்டின்படி லயத்தின் இலக்கம்' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நான் மறுபடி தோட்ட ஆபீஸ் படி ஏறிக் கிளாக்கரிடம் கேட்க வேண்டும். நான் ஏறவில்லை. கூரையிலேயே ஓர் அடி உயரத்தில் ஏழு என்று எழுதியிருக்கும்போது பதிவேட்டில் என்ன வேறாக இருந்துவிடப்போகிறது? ஏழு என்று எழுதினேன். உங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பெட்டியை வீட்டிலிருந்தே நிரப்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதுதான் ஆபத்து.

பட்டியல் வந்தது. மூங்கில்மலைத் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் இலக்க லயம்: முதலிடம். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதுவும் அச்சில் வந்ததில்லை. பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மழைத்தூறலில் ஏறிப்போனேன். முருகேசு அண்ணன் அதை லயத்து வாசலில் நின்று செய்தி வாசிப்பது போல வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். செல்வராணி அக்கா எனக்குக் கொழுக்கட்டை கொடுத்தார். அவர் முகத்தில் மட்டும் பெரிய சந்தோஷம் இல்லை. கம்பில் இன்னும் ஒரு விரல்தான் மிச்சம் என்று காட்டினார். முருகேசு அண்ணன் அந்தத் தாளை மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார்.

"கம்ப தூக்கி அடுப்புல வை, ராணி. எழுத்துல வந்திருச்சு."

லொறி

மழை மூன்று நாளாக விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் எங்கள் அலுவலகத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை அறிவித்தல் வந்தது. பட்டியலில் உள்ள இடங்களுக்கு லொறிகள் போயின. முதல் லொறி மூங்கில்மலைக்கு என்று கேட்டபோது எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, பெருமையில். நகரத்தில் ஓடை ஏறி பேக்கரியின் இரண்டாவது கோட்டைத் தொட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அதைக்கூட நான் சரியாகக் கேட்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி அளவில் செல்வராணி அக்கா எனக்குப் போன் எடுத்தார். பின்னால் மழைச் சத்தத்தில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. மேலே கோயிலுக்குப் பக்கத்தில் பாறை மேல் கட்டிய ஒரு லயம் உண்டு, அந்தத் தோட்டத்திலேயே பயமில்லாத இடம். கிளாக்கர் பட்டியலோடும் பதிவேட்டோடும் வந்து, வேண்டாம் வேண்டாம் என்ற அந்த லயத்து ஆட்களை வற்புறுத்தி ஏற்றி, வீடுகளைப் பூட்ட வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாராம். இவர்கள் ஓடிப்போய் லொறியை மறித்திருக்கிறார்கள்.

"கோயில் லயந்தான் ஏழாம் நம்பராம், மிஸ். நாங்க ஆறாம் நம்பராம். ஆறு லிஸ்ட்ல இல்லேன்னுட்டு லொறி போயிருச்சு."

காலியாக ஒரு நம்பர்

நான் அலுவலகத்தில் போனில் பேசுகிற ஆள் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வருவேன். அன்று தோட்ட ஆபீஸுக்கு நானே எடுத்தேன். கிளாக்கர்தான் பேசினார். பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் பொறுமையாகவே சொன்னார். நாலாம் நம்பர் லயம் மண்ணுக்குள் போன பிறகு கோட்டுத் துரை பதிவேட்டைத் திருத்தச் சொன்னாராம். ஐந்து நாலாகி, ஆறு ஐந்தாகி, ஏழு ஆறாகி, எட்டாவதாக இருந்த கோயில் லயம் ஏழானது. அது புத்தகத்துக்குள் நடந்த மாற்றம். லயத்து ஆட்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் பழைய எண்களையே தகரத்தில் எழுதிக்கொண்டு இருந்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் அன்று இன்னும் ஐந்து நிமிடம் அந்த அறையில் நின்றிருந்தால் போதும்.

லொறியைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். வளைவில் மண் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது, இனி அனுப்ப முடியாது என்றார். ஏன் அப்படி எண்களை மாற்றினார்கள் என்று கேட்டேன். அந்த நேரத்தில் அது தேவையில்லாத கேள்வி. ஆனாலும் கேட்டேன்.

"நடுவுல ஒரு நம்பர் காலியா இருந்தா புத்தகம் பாக்க நல்லா இருக்காதுன்னு மாத்தச் சொன்னாராம், மிஸ்."

எழுத்தில் இருக்கிறதா?

சுனில் சேரிடம் ஓடினேன். நான் கத்திப் பேசியதை அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பட்டியலைத் திருத்த மூன்று கையெழுத்து வேண்டும், இரண்டு பேர் வெள்ளம் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் செல்வராணி அக்காவுக்கு எடுத்து, பிழை என்னுடையது, நீங்கள்தான் முதலிடம், உடனே கிளம்புங்கள் என்றேன். கம்பு எட்டவில்லை என்று அவர் காலையிலேயே பார்த்துவிட்டிருந்தார். எல்லோரும் கோயில் லயத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தார்கள். அங்கே பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே ஒருவர்தான் அசையவில்லை. "கிளாக்கரு புத்தகத்த விரிச்சுக் காட்டுனதுலருந்து இப்படித்தான் நிக்கிறாரு. நீங்க பேசுங்க மிஸ், ஒங்க பேச்சத்தான் கேப்பாரு" என்று போனைக் கொடுத்தார்.

முருகேசு அண்ணன் நிதானமாகப் பேசினார். புத்தகத்தில் ஆறு என்றால் நாங்கள் ஆறுதான், ஆறுக்கு ஆபத்து என்று பட்டியலில் இல்லை, படித்தவர்கள் பார்த்துத்தானே எழுதியிருப்பீர்கள், முதலிலிருந்தே கோயில் லயத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், நாங்கள்தான் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டோம் என்றார். இல்லை அண்ணா, எழுதியது நான், நான்தான் பிழையாக எழுதினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: திருத்திய பட்டியல் எழுத்தில் இருக்கிறதா? சுனில் சேர் கடிதத்தின் இரண்டாவது வரியில் இருந்தார். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். இன்னும் இல்லை என்று சொன்னேன்.

"அப்ப வரட்டும், மிஸ். எழுத்துல வரட்டும். அது வரைக்கும் அடுத்தவன் வீட்டுப் பூட்ட நான் உடைக்க மாட்டேன்."

திரும்பி வந்த தகரம்

பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எந்த போனும் எடுபடவில்லை. நான் மேக்கணக்குக்கு ஏற முடிந்தது இரண்டு நாள் கழித்து. யூக்கலிப்டஸ் மரங்களையும் சேர்த்துக்கொண்டு மலை இறங்கியிருந்தது. லயம் இருந்த இடத்தில் லயம் இருந்தது என்று காட்ட ஒரு படிக்கல்கூட இல்லை. கோயில் லயத்தில் பதினொரு குடும்பங்களும் செல்வராணி அக்காவும் கவிதாவும் அடுத்தவர்களுடைய அடுப்புகளில் சமைத்துக்கொண்டு இருந்தார்கள். என் பிழையால் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் காலி வீடுகள்தான் அவர்களைக் காப்பாற்றியிருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லை.

முருகேசு அண்ணனை மண்ணைத் தோண்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் செல்வராணி அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது கீழ்ப்பிரிவிலிருந்து ஓர் ஆள், எனக்கு அறிமுகமில்லாதவர், தலையில் ஒரு தகரத்தைச் சுமந்துகொண்டு ஏறி வந்தார். நடுவில் மடங்கிய தகரம், ஆனால் 7/4 என்ற எழுத்து சேற்றிலும் தெளிவாகத் தெரிந்தது. கண்டெடுத்தவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வைப்பதற்கு வீடு இல்லாததால் சிறிது நேரம் சுமந்தபடியே நின்றார். பிறகு அக்காவின் காலடியில் மெதுவாக இறக்கி வைத்தார்.

"ஒங்க வீட்டுதுங்க, அக்கா. நம்பரு அண்ணன் எழுதுனதுதான்."

நான்கு பெட்டிகள்

இந்த மழையையும் கோப்பில் எழுதும் வேலை எனக்கே வந்தது. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்க சுனில் சேரின் அறை வாசல் வரை போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து, தன் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். உட்கார்ந்து எழுதினேன். வருடம், வகை இரண்டையும் நிரப்பினேன். பாதிப்பு: ஒருவர். பிறகு இடம். இந்தத் தடவை வீட்டிலிருந்து நிரப்பப் போவதில்லை. தோட்ட ஆபீஸ் படி ஏறினேன். கிளாக்கர் கேலி எதுவும் செய்யவில்லை. எழுந்து நின்று பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆறாம் எண்ணின் மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. அதற்குக் கீழே கோயில் லயத்தின் எதிரே ஏழு என்பதை அடித்து ஆறு என்று பென்சிலால் எழுதியிருந்தது. மேலிடத்தில் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள், பேனாவால் எழுதக் கை வரவில்லை என்றார்.

அங்கிருந்து நேராகக் கோயில் லயத்துக்குப் போய், உங்கள் ஆறாம் எண்ணைக் கோயில் லயத்துக்குப் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள் என்று செல்வராணி அக்காவிடம் சொன்னேன். கோப்பில் இடம் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் நான் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். ஒரே கேள்வியை ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. மடங்கிய தகரத்தை அவர் வாசலில் தண்ணீர் தெறிக்காமலிருக்கச் சாய்த்து வைத்திருந்தார். கவிதா அதன் மறைவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தத் தகரத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். பிறகு பென்சில் எழுத்து அழியுமா என்று மட்டும் கேட்டார். அழியும் என்றேன்.

"அப்ப அழிக்கச் சொல்லுங்க, மிஸ். எங்க நம்பர யாருக்கும் குடுக்க வேணாம். காலியாவே கெடக்கட்டும்."

அழித்துவிட்டார்கள், என் கோப்பிலும் இடத்துக்கான பெட்டியில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன், வேலையில் கவனமில்லாமல் ஒரு பெட்டியைக் காலியாக விட்டதாகப் புதிதாக வருகிற ஒவ்வொரு அதிகாரியும் என்னைக் கண்டிக்கிறார்.